நெட்டமலையும் ஒரு கல்யாண பிளக்ஸும்

கீரனூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், மாடியில் இருக்கிறது ‘நாதன் டிஜிட்டல்’. அங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில் அமிர்தவல்லியின் கையில் கிடைத்த மலைகள் எல்லாம் பனி மூடியவை. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுமனை புகுவிழா, எந்த விசேஷமானாலும் பிளக்ஸில் ஆட்களுக்குப் பின்னால் ஒரு சீனரி இருந்தாக வேண்டும். முதலாளி ஆத்மநாதன் அதற்கென்று கம்ப்யூட்டரில் ஒரு சேமிப்பு வைத்திருந்தார். சுவிட்சர்லாந்து ஏரி, ஊதாப் பூக்கள் விரிந்த ஒரு மேடு, எந்த நாட்டுக்காரனும் சொந்தம் கொண்டாட முடியாத ஓர் அருவி. குளத்தூர் தாலுகாவில் பாதிப்பேர் அந்த ஏரிக்கரையில் ஒருமுறையாவது நின்றிருக்கிறார்கள்.

ஆட்களை வெட்டி எடுத்து ஒட்டுவதுதான் அமிர்தவல்லியின் வேலை. யாரும் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. முன்பு இருந்த டிசைனர் பையனின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தது பாதி, யூடியூபில் பார்த்தது பாதி. ஆனால் மல்லிகைச் சரத்தின் ஓரத்தை இதழ் இதழாக வெட்டுவதில் அவளுக்கு ஈடாக அந்தச் சந்தில் ஆள் கிடையாது. சரியாக வரும்வரை எழுந்திருக்க மாட்டாள்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

“அண்ணே, மாப்பிள்ள மூஞ்சில வெயில் வலது பக்கமிருந்து விழுது. மலைக்கு எடது பக்கமிருந்து விழுது. ஒரே படத்துல ரெண்டு சூரியனா?”

ஆத்மநாதன் பில்லைக் கிழித்துக்கொண்டே சொன்னார். “மொய் எந்தப் பக்கமிருந்து வருதோ அந்தப் பக்கம்தாம்மா மாப்பிள்ளைக்கு வெயிலு. நீ ஒட்டு.”

அவள் ஒட்டினாள். ஆனாலும் இந்த ஊர் ஆட்களுக்குப் பின்னால் இந்த ஊர் வெயில் படுகிற ஒரு மலையை வைத்துப் பார்க்க வேண்டும் என்கிற எண்ணம் அவளை விடவில்லை.

மலைக்குப் பஞ்சமில்லை. அவள் வாழ்க்கைப்பட்டு வந்த மேலப்பட்டியின் கொல்லைப்புறமே நெட்டமலையின் தெற்கு அடிவாரம்தான். தெற்கு வடக்காக நீண்டு கிடக்கிற ஒற்றைப் பாறை மலை. மரம் குறைவு, முள்ளும் சப்பாத்திக் கள்ளியும் அதிகம். பாதி உயரத்தில் வற்றாத ஒரு சுனை. வெயில் ஏறிவிட்டால் மலை முழுக்க வெளிறிப்போய்க் கிடக்கும், பார்க்க ஒன்றும் இருக்காது. விடிந்த கொஞ்ச நேரத்துக்குத்தான் அதற்கு முகம் உண்டு. கிழக்கிலிருந்து வெளிச்சம் சாய்வாக விழும்போது பாறையின் ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாக எழுந்து நிற்கும், கல் செம்பு நிறத்துக்குப் போகும். அந்த நேரத்துக்கு மேலே இருக்க வேண்டும். அது முடிந்ததும் கீழே இறங்கிக் குளித்துக் கீரனூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

முதல் தடவை நடந்துபோனாள். சுனைக்குப் போய்ச் சேருவதற்குள் வெளிச்சம் போய்விட்டது. அடுத்த தடவை வெளிச்சம் கிடைத்தது, பஸ் போய்விட்டது. அதற்கடுத்த தடவையிலிருந்து ஓட ஆரம்பித்தாள். அமிர்தவல்லி ஓட்டக்காரி ஆன கதை அவ்வளவுதான்.

மாமியார் அழகி ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டே மருமகள் ஓடுவதைப் பார்ப்பாள்.

“நாய் தொரத்துதா, இல்ல நீ நாயத் தொரத்துறியா?”

“ரெண்டும் இல்ல அத்தே. வெளிச்சத்தத் தொரத்துறேன்.”

“அதுக்கு எதுக்குடி அம்புட்டுத் தூரம்? வாசல்ல ஒக்காந்திருந்தா அது தானா வந்து காலுல விழப்போகுது.”

ஆத்மநாதன் ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு பழைய கேமராவைக் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். பிளாஷ் செத்துப்போன கேமரா. மலைக்கு எதற்கு பிளாஷ்? ஓடும்போது அது ஆடி நெஞ்சில் இடித்தது. அதனால் ஒரு பழைய துண்டை மார்போடு குறுக்காகச் சுற்றி, அதற்குள் கேமராவை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பிள்ளையைக் கட்டிக்கொண்டு ஓடுகிற மாதிரி இருக்கும் தூரத்திலிருந்து பார்த்தால். குவைத்தில் லாரி ஓட்டுகிற புருஷன் ஆண்டியப்பனுக்குப் படங்களை அனுப்பினால், “நம்ம ஊருதானா இது? யாரு படத்தையும் சுட்டு அனுப்புறியா?” என்று கேட்பான்.

பாறையில் ஓடுவது ரோட்டில் ஓடுவது போல இல்லை என்பதை முட்டியில் இரண்டு தழும்பு வாங்கித் தெரிந்துகொண்டாள். எட்டிப் போடக் கூடாது, சின்னச் சின்ன எட்டாக வைக்க வேண்டும். பாசி கறுத்த இடத்தில் கால் வைக்கக் கூடாது. ஓடும்போது காட்சியைப் பார்க்கவே முடியாது, அடுத்த காலடியை மட்டும்தான் பார்க்க முடியும். காட்சிக்கு நிற்க வேண்டும். நின்றால் இளைப்பு கேமராவை ஆட்டும். முழங்கையை விலாவோடு ஒட்டி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, அடுத்த மூச்சு உள்ளே வருவதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி வரும், அதில் அமுக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு மழைக்காலம் பிடித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருச்சியிலிருந்து கலர் கலராகச் சட்டை போட்ட சில பேர் மலைக்கு வந்திருந்தார்கள். அதில் ஒரு பெண் இவள் இறங்கி வருவதைப் பார்த்துவிட்டு, “நீங்க டிரெயில் ரன்னரா?” என்று கேட்டாள். அமிர்தவல்லி, “இல்லங்க, நான் கீரனூர்ல டிசைனர்” என்றாள். அப்புறம்தான் தான் செய்வதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்தது. வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னாள். “பேரு வச்சா கிறுக்கு இல்லைன்னு ஆயிருமா?” என்றாள் அழகி.

இப்படிச் சேர்ந்த படங்கள் ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் ஒரு மூலையில் கிடந்தன. ஒருவரும் கேட்கவில்லை. அவளாக எடுத்துக் காட்டினாலும், “கல்யாணத்துக்குக் காசு குடுக்குறோம், பாறையக் காட்டுறியேம்மா” என்பார்கள்.

கேட்டது பிரவீன்குமார்தான். மலைக்கு வடக்கு அடிவாரத்தில் இருக்கிற வடக்கிப்பட்டிக்காரன், விராலிமலைப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. தை மாதக் கல்யாணத்துக்கு பிளக்ஸ் சொல்ல வந்தவன் திரையில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டான். தெற்குத் தோளிலிருந்து வடக்கே பார்த்து எடுத்தது. உச்சிப்பாறை காலை வெயிலில் சிவந்து நிற்கும்.

“அக்கா, இது எங்க மலையாச்சே!”

“எங்க மலையுந்தான்.”

“இதையே போடுங்கக்கா. சுவிட்சர்லாந்து வேணாம், என் ஃபிரண்டு கல்யாணத்துல அதத்தான் போட்டாக.”

ஆத்மநாதன் குறுக்கே வந்தார். “தம்பி, அப்பாட்ட ஒரு வார்த்த கேட்டுக்கங்க.”

“அப்பாக்கு பிளக்ஸப் பத்தி என்னண்ணே தெரியும்? நான் சொல்றேன், போடுங்க.”

அமிர்தவல்லிக்கு அன்று சந்தோஷத்தில் மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஜன்னல் வெளிச்சம் வலது பக்கமிருந்து விழுகிற மாதிரி அவளே நிற்கவைத்துப் படம் எடுத்தாள். இலக்கியா, பெண்ணின் பெயர், திருமயத்துக்காரி. “எதுக்குக்கா இப்புடித் திருப்பித் திருப்பி நிக்கச் சொல்றீங்க?” என்று சலித்துக்கொண்டாள். எடுத்ததை வெட்டி, மலைக்கு முன்னால் வைத்தாள். ஒரே சூரியன். அவ்வளவு நாளும் உறுத்தியது அன்று உறுத்தவில்லை.

அதற்கப்புறம் துடைக்க உட்கார்ந்தாள். எந்தப் படமானாலும் கடைசியில் துடைப்பது அவளுடைய வழக்கம். மண்டபத்தில் எடுத்த படமென்றால் நாற்காலிக்கடியில் கிடக்கும் செருப்பு, தண்ணீர் பாட்டில், யாரோ ஒருத்தியின் முழங்கை. ரோட்டில் எடுத்ததென்றால் கரண்ட் கம்பி. மலைப்படத்தைப் பெரிசாக்கி ஓரம் ஓரமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். சப்பாத்தி முள்ளில் சிக்கின ஒரு கேரி பேக், எடுத்தாள். பாறையில் யாரோ பெயிண்டில் எழுதின பெயர், எடுத்தாள். உச்சியில் குச்சி குச்சியாகச் சாய்ந்து நின்ற மூன்று இரும்புக் கம்பிகள், ஒன்றில் கந்தல் துணி. மலையை அளக்க வந்தவர்கள் நட்டுவிட்டுப் போனது போலிருக்கிறது என்று நினைத்து அவற்றையும் எடுத்தாள். தடமே தெரியாமல் எடுத்தாள். அதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

உச்சிக்கு அவள் போனதே இல்லை. சுனையும் தெற்குத் தோளும்தான் அவள் எல்லை, அதற்கு மேல் போனால் பஸ் போய்விடும்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது வடக்கிப்பட்டி பஸ் ஸ்டாப்பில் பிளக்ஸ் ஏறியது. அன்று மத்தியானமே ஸ்டூடியோ மாடிப்படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. பிரவீன்குமாரின் அப்பா பெரியகருப்பன். தோளில் துண்டு, கையில் வண்டிச் சாவி, வெயிலில் வந்த முகம். பின்னாலேயே பிரவீன்குமார், திட்டு வாங்கிய முகத்தோடு.

“யாருய்யா எங்க மலையப் படம் போட்டது?”

ஆத்மநாதன் எழுந்துவிட்டார். “ஒக்காருங்க, என்ன விசயம்?”

“ஒக்கார்றதுக்கு வரல. எங்க கருப்பன் எங்க?”

யாருக்கும் புரியவில்லை. பெரியகருப்பன் திரையில் இருந்த படத்தருகே போய் உச்சிப்பாறையில் விரலை வைத்தார்.

“இங்கன மூணு வேல்கம்பு நிக்கும். எங்க பாட்டன் பூட்டன் காலத்துலருந்து நிக்கிது. எங்க வகையறா அத்தன பேருக்கும் அவருதான் சாமி. எம் பேரே அவரு பேரு. மலையப் போட்டீங்க, பாறையப் போட்டீங்க, சுனைக்கு மேல இருக்குற முள்ளு வரைக்கும் போட்டிருக்கீங்க. அவர மட்டும் காணோம். மகன் கல்யாணத்துக்கு மொத வேலையா குலசாமியத் தூக்கி வெளிய வச்சிருக்கோம்னு எங்கக்கா ஒப்பாரி வச்சு அழுவுது!”

அமிர்தவல்லி அவர் விரல் வைத்த இடத்தைப் பார்த்தாள். கம்பிகள். கந்தல் துணி.

“மாமா, நான்தான்” என்றாள். “எனக்குத் தெரியல. ஏதோ கம்பின்னு நெனச்சு எடுத்துட்டேன்.”

“கம்பியா?” அவர் அவளை அப்போதுதான் பார்த்தார். “நீ மேலப்பட்டி அழகி மருமகதான? வெள்ளன ஓடுற புள்ள?”

“ஆமாங்க மாமா.”

“தினம் அந்த மலையில ஏறி எறங்குற. மேல யாரு இருக்காருன்னு ஒரு நா கேட்டியா?”

கேட்கவில்லை என்பதுதான் உண்மை.

“ஒரிஜினல் படம் இருக்கு மாமா. அதுல வேல் இருக்கு. இப்பவே திருப்பி வச்சு, வேற பிளக்ஸ் போட்டுத் தர்றேன்.”

பெரியகருப்பன் திரையிலிருந்து விரலை எடுத்தார். கொஞ்சம் ஆறிவிட்டார் என்று ஆத்மநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டார். ஆனால் அவர் யோசித்தது வேறு.

“திருப்பி வப்பே. கல்யாணம் முடிஞ்ச மக்யா நாளு அந்த பிளக்ஸ் எங்கிட்டுப் போகும்?”

எங்கே போகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

“ஆட்டுக்கொட்டாய்க்கு மேல போகும். இல்ல, மொளகா காயப்போடப் போகும். எங்க கருப்பன் மேல மொளகாயக் கொட்டி, அதுமேல ஏறி நின்னு கெளறுவாளுக. அது எடுத்ததவிடப் பாவம்.”

“அப்ப பேசாம சுவிட்சர்லாந்து போட்டுருவோம்” என்றார் ஆத்மநாதன்.

“எங்க மலைய ஏத்திட்டு எறக்கிட்டு அந்தப் பனிக்கட்டியப் போடுவியா? இவன் இந்தப் படத்த ஊருக்கே வாட்ஸப்புல அனுப்பிட்டான். சாமியும் வேணாம் மலையும் வேணாம்னுட்டான் பெரியகருப்பன்னு பேசுவாய்ங்க.”

“அப்பா, அப்ப என்னதான் போடுறது?” என்றான் பிரவீன்குமார்.

“எனக்குத் தெரிஞ்சா நான் ஏன்டா இங்க வாரேன்?”

படியிறங்கப் போனவர் திரும்பி அமிர்தவல்லியைப் பார்த்தார். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். “நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ஒரு வழி சொல்லுங்க. இல்லாட்டிப் போகுது, பிளக்ஸ் இல்லாமலே கல்யாணம் நடக்கும். ஆனா ஒண்ணும்மா. இனிமே நீ அந்த மலையில ஓடுறத நான் பாக்கக் கூடாது. எங்க பங்காளிக யாரும் பாக்கக் கூடாது.”

மலைக்கு வேலி கிடையாது, கேட் கிடையாது. ஆனால் வடக்கிப்பட்டிக்காரர்கள் வேண்டாம் என்றால் மேலப்பட்டிக்காரர்கள் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். அந்த ஒரு வாக்கியத்தில் காலைகள் எல்லாம் போய்விட்டன என்று அவளுக்குத் தெரிந்தது.

“மாமா” என்று கூப்பிட்டாள். “ஒரே ஒரு தடவ மேல ஏறிக் கும்புட்டுட்டு வந்துர்றேன். மன்னிப்புக் கேக்கணும்.”

“கும்புடுறதுக்கு என்னைய எதுக்குக் கேக்குற? போ. வெட்டுப்படிக்குக் கீழயே செருப்ப விட்டுட்டுப் போ.”

ராத்திரிச் சோறு போடும்போது மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னாள். அழகி கையை உதறினாள்.

“அது வடக்கூராளுக கருப்பன்ல! சின்னப்புள்ளைக்கும் தெரியுமேடி.”

“எனக்கு யாரு சொன்னா அத்தே?”

“நீ நின்னாத்தான சொல்றதுக்கு? ஓடிக்கிட்டேல்ல இருக்க.”

மறுநாள் எப்போதும்போல விடிவதற்கு முன்னால் கிளம்பினாள். துண்டில் கேமராவைக் கட்டுவதா வேண்டாமா என்று வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். கும்பிடத்தான் போகிறாள். ஆனாலும் கேமரா இல்லாமல் அந்தப் பாதையில் ஓடிப் பழக்கமில்லை, நெஞ்சு வெறுமையாக இருந்தது. கட்டிக்கொண்டாள்.

பனி இறங்கியிருந்தது. தை மாதப் பனி, கையை நீட்டினால் விரல் தெரியும், விரலுக்கு அப்பால் தெரியாது. பாதையைக் கால்தான் கண்டுபிடித்தது. சுனை வந்ததும் எப்போதும் நிற்கிற இடத்தில் நிற்காமல் தாண்டினாள். அங்கிருந்து பாதை புதிது. கொஞ்சத் தூரத்தில் பாறையைக் குடைந்து வெட்டிய படிகள் தொடங்கின, நடுவில் தேய்ந்து குழிந்த படிகள். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தாள். வெறுங்கால் பாறையில் பட்டதும் குளிர் உச்சந்தலைக்கு ஏறியது. ஓட முடியவில்லை. ஒவ்வொரு படியாக வைத்து ஏறினாள்.

உச்சி அவள் நினைத்ததைவிடச் சின்ன இடம். இரண்டு கட்டில் போடலாம். மூன்று வேல்களும் வடக்கே பார்த்துச் சாய்ந்து நின்றன. அடியில் எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒரு கல், காய்ந்துபோன மாலை, திரி இல்லாத ஓர் அகல். கந்தல் என்று நினைத்தது சிவப்புத் துணி, வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. கொண்டுவந்த சூடத்தை ஏற்றினாள். பனியில் பிடிக்க மறுத்து, பிறகு பிடித்தது. “தெரியாம எடுத்துட்டேன்யா” என்று மட்டும் சொன்னாள்.

பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்றால் அப்போதே இறங்கியிருக்க வேண்டும். வேல்களுக்குப் பக்கத்தில், அவற்றைப் போலவே வடக்கே பார்த்து உட்கார்ந்தாள். முன்னால் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. படத்தைப் பறித்துக்கொண்ட சாமி மலையையும் தன்னிடமிருந்து பறித்துக்கொள்ளப் போகிறதா என்று நினைத்தாள். கீழே எங்கேயோ ஒரு மோட்டார் ஓடத் தொடங்கியது. யாரோ மாட்டை அதட்டினார்கள். பார்க்க முடியாத ஓர் ஊர் கண்ணுக்குக் கீழே விழித்துக்கொண்டிருந்தது.

வெயில் கிழக்கேயிருந்து நுழைந்தபோது பனி ஒரேயடியாக விலகவில்லை. முதலில் கண்மாய் தெரிந்தது. மழைக்குப் பிறகு நிறைந்து கிடந்த கண்மாய். பிறகு அதன் கரையில் பனைமரங்களின் தலைகள். பிறகு கதிர் முற்றிய வயல்கள், மஞ்சளும் பச்சையுமாக, வரப்பு வரப்பாக. அப்புறம் ஓட்டு வீடுகள், மாடி வீடுகள், ஒரு செல்போன் டவர், பள்ளிக்கூடம், ரோடு, ரோட்டில் ஊர்ந்துவரும் பால் வண்டி. தொலைவில் நார்த்தாமலைக் குன்றுகள் நீலமாக. பெரியகருப்பனின் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அதன் துணியைக்கூடப் பார்க்க முடிந்தது.

வெயில் வலது பக்கமிருந்து விழுந்தது. மாப்பிள்ளை பெண்ணுக்கு விழுந்த அதே பக்கம்.

அமிர்தவல்லி எழுந்தாள். துண்டை அவிழ்த்துக் கேமராவை எடுத்தாள். வேல்களுக்கு முன்னால் போய் மறைத்து நிற்க மனம் வரவில்லை. அவற்றுக்குப் பக்கத்திலேயே, அதே வரிசையில் நின்றாள். முழங்கையை விலாவில் ஒட்டினாள். மூச்சை விட்டாள். பிளக்ஸ் அளவுக்கு ஒரே படம் போதாது என்பதால் இடதுகோடியிலிருந்து வலதுகோடி வரை, ஒன்றின் ஓரம் அடுத்ததில் வருகிற மாதிரி வரிசையாக எடுத்தாள். பிறகு கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்துக்கொள்ளலாம். எடுத்து முடிப்பதற்குள் செம்பு நிறம் போய்விட்டது.

இறங்கும்போது ஓடினாள். ஷூவை மாட்டிக்கொண்டு, தெற்கே போகாமல், வடக்குச் சரிவில் வடக்கிப்பட்டி ரோட்டுக்கு இறங்கினாள். பஸ் போயிருந்தது. பால் வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். கலைந்த தலையும் நெஞ்சில் கட்டின துண்டுமாக இருந்தவளைப் பார்த்து, “ஆஸ்பத்திரிக்காம்மா?” என்று கேட்டார்.

மத்தியானம் பெரியகருப்பன் வந்தபோது படம் தயாராக இருந்தது. அமிர்தவல்லி குளிக்கக்கூட இல்லை.

“என்ன வழி?” என்றார் அவர்.

அவள் திரையைத் திருப்பினாள். மாப்பிள்ளையும் பெண்ணும் நின்றார்கள், பின்னால் வடக்கிப்பட்டி விரிந்து கிடந்தது. அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார்.

“இது எந்த எடத்துலருந்து எடுத்தது?”

“கருப்பனுக்குப் பக்கத்துல நின்னு எடுத்தேன் மாமா. படத்துல அவரு இல்ல. அவரு பாக்குறதுதான் இருக்கு. இதுமேல மொளகா கொட்டுனாலும் அவருமேல விழாது.”

“செருப்ப எங்கன விட்ட?”

“வெட்டுப்படி ஆரம்பிக்கிற எடத்துல. மொதப் படி நடுவுல தேஞ்சு குழிஞ்சிருக்குல்ல, அதுக்குக் கீழ.”

அவர் தலையை ஆட்டினார். பிறகு திரைக்கு ரொம்பப் பக்கத்தில் போனார். “இது எங்க மோட்டார் கொட்டகடா” என்று மகனைக் கூப்பிட்டுக் காட்டினார். “இந்தா, செவந்தி வீடு. அங்கிட்டுப் பாரு, நம்ம பந்தல்! பந்தல் தெரியுதுடா!” கொஞ்சம் பின்னால் நகர்ந்து, படத்தில் மகனும் மருமகளும் நிற்கிற விதத்தைப் பார்த்தார். இருவரும் ஊருக்கு முதுகைக் காட்டி, எதிரே பார்த்து நின்றார்கள்.

“அப்ப இதுக ரெண்டும் யாரப் பாத்துக்கிட்டு நிக்கிதுக?”

ஆத்மநாதன், “கேமராவ” என்று சொல்லப்போனார். பெரியகருப்பன் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அவரப் பாத்துக்கிட்டு நிக்கிதுக” என்று அவரே சொல்லிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார்.

அமிர்தவல்லி மெதுவாகக் கேட்டாள். “மாமா, இதுல செல்போன் டவரு ஒண்ணு நடுவுல வருது. கரண்ட் கம்பியும் இருக்கு. நான் எதையும் தொடல. எடுக்கணுமா?”

“எதுக்கு? அவரு தினம் அதையுந்தான பாக்குறாரு. இருக்கட்டும்.”

பிளக்ஸ் புதுக்கோட்டையில் அச்சாகி மறுநாள் சாயங்காலம் ஏறியது. முதலில் வந்து நின்றவர்கள் மாப்பிள்ளை, பெண் யாரென்று பார்க்கவில்லை, தங்கள் வீட்டைத் தேடினார்கள். வீடு கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களுக்கு அடையாளம் சொன்னார்கள். வாசலில் காயப்போட்ட போர்வை படத்தில் விழுந்துவிட்டதென்று ஒருத்தி சண்டைக்கு வந்தாள். பெரியகருப்பனின் அக்கா பிளக்ஸுக்கு எதிரே நின்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். “சாமி நிக்கிற எடத்துலருந்து பாக்குறோம்ல” என்றாள். அதற்கப்புறம் வந்த கிழவர்கள் சிலரும் கழற்றினார்கள். வேனிலிருந்து இறங்கிய இலக்கியா, ரோட்டோரம் வரிசையாகக் கிடந்த செருப்புகளையும் தன்னைத் தாண்டி எதையோ தேடுகிற முகங்களையும் பார்த்துவிட்டு, அமிர்தவல்லியிடம் வந்தாள்.

“ஏக்கா, அம்புட்டு நேரம் திருப்பித் திருப்பி நிக்க வச்சீங்களே, ஒரு ஆளு என் மூஞ்சியப் பாக்குதான்னு பாருங்க.”

“பாப்பாங்க. வீட்டக் கண்டுபிடிச்சப்பறம் பாப்பாங்க.”

கல்யாணப் பந்தியில் பெரியகருப்பனே அவளுக்கு இலை போட்டார். அவள் எழுந்து கை கழுவப் போகும்போது கூடவே வந்தார்.

“பங்காளிகள்ட்டப் பேசிட்டேன். வெள்ளிக்கெழம பூச, அன்னைக்கு மட்டும் மேல வராத. மத்த நாளு ஓடு. ஆனா சும்மா ஓடக் கூடாது.” வேட்டி மடிப்பிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்தார். விளக்கெண்ணெய். “பூசாரிக்கு முட்டி வலி, வாரம் ஒருக்க ஏறுறதே பெரும்பாடா இருக்கு. அகலு காஞ்சு கெடக்குறத நீயே பாத்துட்ட. தெனம் போறவ திரியப் போட்டு, எண்ணெய ஊத்தி ஏத்திட்டு வா.”

“நான் ஏத்தலாமா மாமா?”

“அவரு ஒன்னையப் பக்கத்துல நிக்க வச்சுக்கிட்டாரு. அதுக்கு மேல நான் யாரு சொல்றதுக்கு?”

திங்கட்கிழமை காலையில் அமிர்தவல்லி, பஸ்ஸை விடாமலிருக்க எப்போதையும்விட முன்னாலேயே எழுந்து, எண்ணெய்ப் பாட்டிலைத் துண்டின் மடிப்பில், கேமராவுக்குக் கீழே சொருகிக்கொண்டு கிளம்பினாள். சுனையைத் தாண்டும்போது நெஞ்சில் ஏதோ ஈரம் பட்டது. பாட்டில் மூடி சரியாகத் திருகவில்லை. கேமரா பட்டையெல்லாம் விளக்கெண்ணெய். ஒரு நிமிடம் நின்று, மூடியைக் கழற்றி, முள்ளில் சிக்கிக் கிடந்த கேரி பேக்கைக் கிழித்துப் பாட்டிலின் வாயில் வைத்து, அதன்மேல் மூடியை இறுக்கித் திருகினாள். குலுக்கிப் பார்த்தாள். சொட்டவில்லை. கிழக்கே வெளுக்கத் தொடங்கியிருந்தது. வெட்டுப்படி வரைக்கும் ஓடினாள்.